தே ஓ நிறத்து நீரும் தொட்டிச் செடியும்

கோலா குபு பாருவில் இருந்துகொண்டு இரண்டு வகை நீரைப் பார்க்கலாம். பிரேசர் மலைக்கு ஏறும் சாலைப் பக்கம் சிலிங் ஆறு பாறையில் அடித்து நுரைத்து இறங்குகிறது. கெலா மீன்களுக்காகப் பாதுகாக்கப்படும் ஆறு அது. மேற்கே போய், செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி பெஸ்தாரி ஜெயாவை நெருங்கினால் (பெரியவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) வடசிலாங்கூர்ச் சதுப்புக்காட்டின் நீர் தே ஓ நிறத்தில் அசையாமல் கிடக்கிறது. மீன் தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு இந்த இரண்டு நீரிலும் விடை இருக்கிறது. செடிக்குக் கரியமில வாயு எப்படிக் கொடுப்பது? ஈஸ்ட் பாட்டில் போதுமா, சிலிண்டர் வாங்க வேண்டுமா?

காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு. அந்தக் காற்றோடு சமநிலையில் இருக்கும் 25 டிகிரி நீரில், ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதலாகத்தான் அது கரைந்திருக்கும். இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேகம். நீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இலையை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்ததைச் செடி உறிஞ்சிவிட்டால், அடுத்தது வந்து சேரும்வரை அது பட்டினி கிடக்கிறது.

சதுப்புக்காட்டில் இந்தப் பட்டினி இல்லை. அங்கே மட்கும் இலையும் மரமும் ஓயாமல் கரியமில வாயுவை வெளிவிட, நீரில் அது காற்றுச் சமநிலை அளவைப்போல் பல மடங்கு தேங்குகிறது. அந்த நீர் பி.எச். 4-ஐ ஒட்டிய கடும் அமிலம் என்பதால், கரைந்த கனிமக் கார்பன் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகவே இருக்கும். காரமான நீரில் அது பைகார்பனேட்டாக மாறிவிடும். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்ற சில செடிகள் பைகார்பனேட்டையும் பயன்படுத்திக்கொள்ளும். மாஸ் (moss) வகைகளுக்கும் வேறு பல செடிகளுக்கும் அந்தத் திறமை கிடையாது. சிலிங் ஆற்றின் கதை வேறு. நீர் விழுந்து தெறிக்கும் ஒவ்வொரு இடத்திலும் மிகையான வாயு காற்றோடு போய்விடும். தொட்டியில் அருவி போலக் கொட்டும் ஃபில்டரும் இதையேதான் செய்கிறது. பணம் கொடுத்து ஏற்றிய வாயுவை அது நாள் முழுக்க வெளியே துரத்துகிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்களிடம் என்ன செடி, எவ்வளவு வெளிச்சம் என்பதை. மலாயாத் தீபகற்பத்தின் நிழலான ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன், ஜாவா பெரணி, ஆப்பிரிக்காவின் அனுபியாஸ் ஆகியவை மெல்ல வளர்பவை. மங்கலான விளக்கில் அவற்றுக்குத் தனியாக வாயு வேண்டியதில்லை. சிவப்புத் தண்டுச் செடியும் தரையில் படரும் சிறு இலைச் செடியும் பிரகாசமான விளக்கும் வேண்டும் என்பவருக்குத்தான் இந்தச் செலவு. பலமான விளக்கை மட்டும் வாங்கி மாட்டி, வாயு கொடுக்காமல் விட்டால், அந்த வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

ஈஸ்ட் பாட்டில் மலிவு. 100 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் 50 கிராம் அளவுக்கு வாயு வரும். ஆனால் ஈஸ்டுக்கு இரவு பகல் தெரியாது. நம் ஊர் மத்தியான வெயிலில் பொங்கித் தள்ளிவிட்டு, பிறகு நாளுக்கு நாள் ஓய்ந்துபோகும். சின்னத் தொட்டிக்குத்தான் அது சரி. சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேரும் முறை அதைவிட அடக்கமானது. மூன்று பங்கு அமிலத்துக்கு நான்கு பங்கு சோடா என்பது எடைக் கணக்கு. அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு உள்ள கருவியையே வாங்குங்கள்.

நடுத்தரத் தொட்டிக்கும் பெரிய தொட்டிக்கும் சிலிண்டர்தான் என் தேர்வு. அதற்குள் நடப்பது பெரிய அதிசயம். அழுத்தி அடைக்கப்பட்ட கரியமில வாயு உள்ளே திரவமாக இருக்கும். 20 டிகிரியில் அழுத்தம் ஏறத்தாழ 57 பார், 30 டிகிரியில் 72. திரவம் ஒரு சொட்டு மீதமிருக்கும்வரை, அதே வெப்பநிலையில் அழுத்தமானியின் முள் அதே இடத்தில்தான் நிற்கும். பாதி தீர்ந்தாலும் அது இறங்காது. எவ்வளவு மீதி என்று அறிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். 1869-இல் பெல்ஃபாஸ்ட் அறிவியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் விளக்கிக் காட்டிய உண்மை இன்னும் வியப்பானது. ஏறத்தாழ 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் இந்த வாயு திரவமாகாது. திரவம், வாயு என்ற எல்லையே அங்கே அழிந்துவிடுகிறது. குளிர்நாட்டு வீட்டில் இதை யாரும் பார்ப்பதில்லை. உலு சிலாங்கூரின் ஒரு மத்தியான வேளையில், தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் அந்த எல்லை சத்தமில்லாமல் கடக்கப்படுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். சிலிண்டரை விளிம்புவரை நிரப்பாமல் எடை பார்த்து நிரப்புவது இதனால்தான். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள்.

காசைச் சேமிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில்தான் கைவைக்கிறார்கள். அது தவறான இடம். திரவம் தீர்ந்ததும் சிலிண்டரின் அழுத்தம் சரியத் தொடங்கும். ஒற்றை நிலை ரெகுலேட்டர் பலவற்றில், உள்ளே வரும் அழுத்தமே வால்வை மூடி வைக்க உதவுகிறது. அது குறைந்தால் வால்வு சற்றுத் திறந்து, மீதி வாயு வழக்கத்தைவிட வேகமாகத் தொட்டிக்குள் பாயும். நீரில் வாயு மிகுந்தால் மீனின் இரத்தம் அமிலமாகி, ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் திறனை இழக்கும். காலையில் மீன் மேலே மிதக்கும். இரட்டை நிலை ரெகுலேட்டர் விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் கடைசி நாளிலும் அது அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. அதோடு, விளக்கு அணையும்போது வாயுவையும் நிறுத்தும் சோலனாய்டு வால்வு, குமிழியைச் சீராக்கும் ஊசி வால்வு, நீர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் செக் வால்வு மூன்றும் வேண்டும். இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் தொட்டியில் மீனுக்கு இருக்கும் தாராளம் அவ்வளவே.

அளவு தெரிந்துகொள்ளத் தொட்டிக்குள் ஒட்டும் சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. அதில் கார்பனேட் கடினத்தன்மை 4 உள்ள நீரும் புரோமோதைமால் நீலமும் இருக்கும். நீலம் என்றால் வாயு குறைவு, மஞ்சள் என்றால் ஆபத்து, பச்சை என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். தொட்டி நீரின் பி.எச்.-ஐ மட்டும் அளந்து, வாயுவின் அளவைக் காட்டும் அட்டவணையில் தேடுபவர்கள் நம் ஊரில் ஏமாந்துவிடுவார்கள். கெத்தாப்பாங் இலையும் மரக்கட்டையும் போட்ட நீரில் அவற்றின் அமிலமும் பி.எச்.-ஐ இறக்கும், அட்டவணையோ அதை வாயுவின் கணக்கில் சேர்த்துவிடும். கண்ணாடிக் குமிழுக்கும் தொட்டி நீருக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது. வாயு அதைக் கடக்கும், இலையின் அமிலம் கடக்காது. நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால், குமிழியைக் கூட்டிய கையோடு மறுபடி கூட்ட வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் 1,100 லிட்டர் வாயு. மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அடைத்த அறையில் அது காற்றில் 4 விழுக்காடு ஆகும், உயிருக்கு ஆபத்தான அளவு. கதவைச் சாத்தி ஏர்கோன் போட்டுத் தூங்கும் அறையில் சிலிண்டர் வேண்டாம்.

செடி தேடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டா லிவிடா என்ற சண்டை மீன் 1992-இல்தான் அறிவியலுக்குப் பெயரோடு அறிமுகமானது. உலகில் அதற்கு வடசிலாங்கூரின் அந்தக் கறுப்பு நீரைத் தவிர வேறு இடம் இல்லை. வடிகால் வெட்டிக் காயவைத்த சதுப்பு நிலம் வறட்சியில் தீப்பற்றுகிறது, ராஜா மூசா காட்டில் அது நடந்திருக்கிறது. அங்கே போய்ச் செடியைப் பிடுங்காதீர்கள், மீனை வலை போட்டு அள்ளாதீர்கள். பண்ணையில் வளர்த்த கிரிப்டோகோரைன் கடையில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.