ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் புறப்படும் முன்

அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய 1979-ஆம் ஆண்டைக் காஞ்சிபுரத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவு வைத்துப் பேசுகிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 115 கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 முதன்முறையாகக் கிளம்பியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, சுமக்கக்கூடியது 40 கிலோ. அப்துல் கலாம் அதன் திட்ட இயக்குநர். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகி, ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. மறு ஆண்டு ஜூலை 18-இல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

வரதர் அடுத்து எழுந்தருளியது 2019 ஜூலையில். அப்போது தரிசனத்துக்கு வந்த குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த், சில நாட்களில் சந்திரயான்-2 கிளம்புவதைக் காண ஸ்ரீஹரிகோட்டா போனார். அங்கே நின்றது 640 டன் ராக்கெட். வரதரின் ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் இந்த நாடு ஏறிய தொலைவை, எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ராக்கெட்டைத்தான், அதாவது எல்.வி.எம்.3-ஐத்தான், பார்க்கப் போகிறோம். முன்பு ஜி.எஸ்.எல்.வி மார்க் 3 என்றார்கள். பத்திரிகைகள் ‘பாகுபலி’ என்று எழுதின. பக்கத்து வீட்டு நெசவாளர் குடும்பமும் எங்கள் குடும்பமும் சேர்ந்து போவதாகப் பேச்சு. அவர் மகள் எட்டாம் வகுப்பு. பழைய ஏவுதல் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, “நடுவுல இருக்கிறது பத்தவே இல்லையே மாமா, கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள். இந்தக் கட்டுரையே அவள் கேள்வியால் எழுதப்படுவது. நேரில் பார்க்கக் கிடைப்பது மேகமில்லாத நாளில் நான்கைந்து நிமிடம்தான். அந்த நிமிடங்களில் கண்ணுக்கு முன் நடப்பது என்ன என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், காட்சி பல மடங்கு பெரிதாகும்.

ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர். நம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைவிடக் குட்டைதான். நடுவில் ஒரு தடித்த உடல்; இரு பக்கமும் இரண்டு வெள்ளை உருளைகள். அவள் சரியாகத்தான் கவனித்திருக்கிறாள்: கிளம்பும்போது எரிவது அந்தப் பக்கவாட்டு உருளைகள் மட்டுமே. எஸ்200 என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். அந்த எரிபொருள் உண்மையிலேயே ஒரு ரப்பர். செயற்கை ரப்பர் குழம்பில் அலுமினியத் தூளையும் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் கலந்து, ஸ்ரீஹரிகோட்டாவிலேயே வார்த்து, கெட்டிப்பட விடுகிறார்கள். எரியத் தேவையான ஆக்சிஜன் பெர்குளோரேட்டிலிருந்தே வந்துவிடுவதால் வெளிக்காற்று வேண்டியதில்லை. வார்க்கும்போதே நடுவில் நீளவாக்கில் ஒரு துளை விடுவார்கள். தீ அந்தத் துளையின் உட்சுவரிலிருந்து வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டு போகும். துளையின் வடிவம்தான் எந்த நொடியில் எவ்வளவு விசை கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது. ஒருமுறை பற்றவைத்துவிட்டால் அணைக்க வழி கிடையாது. கவுன்ட்டவுனின் கடைசி நிமிடங்களில் அத்தனை கணினிகளும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது இதனால்தான்.

இரண்டு உருளைகளும் சேர்ந்து தரும் உச்ச உந்துவிசை ஆயிரம் டன்னைத் தூக்கும் அளவு. ராக்கெட்டின் எடையோ 640 டன். எஞ்சும் விசைதான் அதை மேலே முடுக்குகிறது. ஆகவே முதல் நொடிகளில் அது பாய்ந்து போகாது; நிதானமாக எழும். பிறகு எரிபொருள் தீரத் தீர எடை குறைந்து, வேகம் கூடிக்கொண்டே போகும். சுவாலை கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் வெள்ளையாக இருக்கும். எரிந்த அலுமினியம் நுண்ணிய ஆக்சைடு துகள்களாகி, அந்தச் சூட்டில் தகதகப்பதன் ஒளி அது. பின்னால் தடித்துத் தொங்கும் வெள்ளைப் புகையும் பெரும்பாலும் அதே துகள்கள்தான்.

கண் பார்த்ததைக் காது உடனே கேட்காது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். சுவாலை தெரிந்த கணத்திலிருந்து எண்ணி, சத்தம் வந்ததும் மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைத்துவிடும். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி கிடைக்காதவர்கள் கூடும் பழவேற்காடு கடற்கரை 30 கிலோமீட்டருக்கு மேல். ராக்கெட் கிளம்பிய சத்தம் அங்கே வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் எஸ்200 உருளைகள் தம் வேலையின் பெரும்பகுதியை முடித்திருக்கும்.

ஏறத்தாழ 110-ஆவது நொடியில்தான் நடு உடல் பற்றுகிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் விகாஸ் என்ஜின்கள் இரண்டு அதில் உண்டு. காற்று மெலிந்த உயரத்தில் இயங்குவதற்கேற்ப வடிவமைத்தவை என்பதால் அவற்றைத் தரையிலேயே எரித்து வீணாக்குவதில்லை. அடுத்த இருபது நொடிக்குள், 60 கிலோமீட்டர் உயரத்தில், உருளைகள் இரண்டும் கழன்று விழும். கூட்டத்தில் பலர் பதறுவது இங்கேதான். அவ்வளவு பிரகாசமாக இருந்தது சட்டென்று ஒரு மங்கல் புள்ளியாகிவிடும். அணைந்துவிடவில்லை, திரவ எரிபொருளின் சுவாலையில் தகதகக்க அலுமினியம் இல்லை, அவ்வளவுதான். தொலைநோக்கி இருந்தால் அந்தப் புள்ளியின் இரு பக்கமும் உருளைகள் விலகுவதைக் கண்டுபிடிக்கலாம். எனக்கு இந்தப் பயணத்தில் பார்த்தே தீர வேண்டிய கணம் இதுதான்.

அதற்கு மேல் கண்ணுக்கு வேலை இல்லை, ஒலிபெருக்கிக்குத்தான். ஐந்து நிமிடம் கடந்ததும் கிரையோஜெனிக் கட்டம் தொடங்கும்: மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183-இல் திரவ ஆக்சிஜன். சந்திரயான்-3 போன 2023 ஜூலை 14 அன்று விண்கலம் பிரிய 16 நிமிடம் ஆயிற்று. புகை கலைந்ததும் வண்டி எடுக்க ஓடாமல், அந்த அறிவிப்பு வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏன் ஸ்ரீஹரிகோட்டா? கிழக்கே திறந்த கடல். கழன்று விழுபவை யார் தலையிலும் விழாது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், அந்த இடத்தில் நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகவே கிடைக்கிறது.

வர முடியாதவர்கள் காஞ்சிபுரத்து மொட்டை மாடியிலிருந்தும் பார்க்கலாம். வடக்குக்கும் வடகிழக்குக்கும் நடுவே பார்வையை வையுங்கள். பூமியின் வளைவு மறைப்பதால், ராக்கெட் ஒரு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டிய பிறகே நம் அடிவானத்துக்கு மேல் வரும். தென்னை மரங்களும் கட்டடங்களும் இருந்தால் இன்னும் தாமதம். பிறகு அது வலப்புறமாக, கிழக்கே சாயும். இரவு ஏவுதல் என்றால் தெளிவாகத் தெரியும். விடியற்காலையோ அந்தியோ ஆனால் அதைவிட நல்லது: நாம் இருட்டில் இருக்க, உயரத்தில் உள்ள புகைமேல் சூரிய ஒளி பட்டு வண்ணங்கள் விரியும்.

போகிறவர்களுக்கு வழி: காரில் திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, தடா, சூலூர்பேட்டை. ரயில் என்றால் சென்னை போய், கும்மிடிப்பூண்டி தாண்டிச் செல்லும் சூலூர்பேட்டை மின்சார ரயில். பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019-இல் திறந்தது; 5,000 பேர் உட்காரலாம். இணையத்தில் முன்பதிவு கட்டாயம், அடையாள அட்டை வேண்டும். குளிர்காலத்தில் போனால் பழவேற்காடு ஏரியின் பூநாரைகளுக்கென்று அரை நாள் ஒதுக்குங்கள்.

“தேதி மாறாதுன்னா சொல்லுங்க, பாவு பிணைக்கிற நாளை அதுக்கேத்த மாதிரி வச்சுக்கிறேன்” என்றார் நெசவாளர். அந்த உறுதியை யாராலும் தர முடியாது. சந்திரயான்-2 கிளம்ப வேண்டியது 2019 ஜூலை 15. தொழில்நுட்பக் கோளாறு தெரிந்து, 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் நள்ளிரவுக்குப் பின் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து, 22-ஆம் தேதி, அது சரியாகக் கிளம்பியது. அன்று நிறுத்தியவர்களின் துணிவை நான் மிக மதிக்கிறேன். ககன்யான் திட்டத்தில் மனிதர்கள் ஏறப்போவதும் இந்த ராக்கெட்டின் மேம்பட்ட வடிவத்தில்தான். அவரிடம் இரண்டு நாள் தறியை நிறுத்தி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை. ஆனால் அது எஸ்.எஸ்.எல்.வி போன்ற சிறிய ராக்கெட்டுகளுக்கு. எல்.வி.எம்.3-ஐ அருகில் பார்க்க வேண்டுமென்றால் சூலூர்பேட்டைக்குத்தான் போக வேண்டும்.