தாய்லாந்து நாட்டுத் திருவிழாக்கள்

ஒரு நாட்டு மக்களின் உழைப்பை அவர்தம் வயல்களிலே காணலாம்; உள்ளத்தை அவர்தம் விழாக்களிலே காணலாம். எதனைப் போற்றுகின்றனர், யாரை வணங்குகின்றனர், எதற்காக நன்றி பாராட்டுகின்றனர் என்பனவற்றையெல்லாம் விழாக்கள் எடுத்துக்காட்டும். இவ்வுண்மைக்குத் தாய்லாந்து நாடு தக்கதொரு சான்றாகும்.

முன்னர்ச் சயாம் என வழங்கப்பெற்ற இந்நாட்டில் பெரும்பாலோர் பௌத்த சமயத்தினர். எனினும், அரச குடும்பத்துச் சடங்குகள் சிலவற்றை அந்தணர்களே இன்றும் நடத்தி வருகின்றனர். நெல்லும் நீரும் இந்நாட்டு வாழ்வின் இரு கண்கள் எனலாம். ஆதலின், இங்குள்ள விழாக்களுள் பல உழவையும் நீரையும் சார்ந்து அமைந்துள்ளன.

அவற்றுள் முதன்மையானது சொங்கரான். ‘சங்கிராந்தி’ என்னும் வடசொல்லே இவ்வாறு திரிந்தது. கதிரவன் மேட ராசியிற் புகும் காலத்தையொட்டி, ஏப்ரல் 13 முதல் 15 வரை இவ்விழா நடைபெறும். மக்கள் வீட்டைத் தூய்மை செய்வர். கோயிலுக்குச் சென்று புத்தர் திருவுருவத்தை நீராட்டுவர். கோயில் முற்றத்தில் மணலாற் சிறு தூபிகள் அமைப்பர். இளையோர் முதியோரின் கைகளில் நறுமண நீரை மெல்ல வார்த்து வாழ்த்துப் பெறுவர். பின்னர்த் தெருவெங்கும் ஒருவர்மீது ஒருவர் நீர் தெளித்து மகிழ்வர். 1941-ஆம் ஆண்டு முதல் சனவரி முதல் நாளே அரசியல் முறையில் ஆண்டுப் பிறப்பாயிற்று. ஆயினும், மக்கள் உள்ளத்தில் சொங்கரானே புத்தாண்டாக நிலைபெற்றுள்ளது. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

மே மாதத்தில் பாங்காக்கு நகரின் சனாம் லுவாங் என்னும் திடலில் அரச ஏர்மங்கல விழா நடைபெறும். 1930-களில் நின்றுபோன இவ்விழா 1960-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பெற்றது. வெண்ணிற எருதுகள் இரண்டு ஏர் இழுத்துச் செல்ல, பின்னே விதை தூவப்பெறும். உழுது முடிந்தபின் நெல், மக்காச்சோளம், பயறு, எள், புல், நீர், மது ஆகிய ஏழும் எருதுகளின்முன் வைக்கப்பெறும். அவை எதனை உண்கின்றனவோ அதனைக் கொண்டு அவ்வாண்டின் விளைவை அந்தணர் கூறுவர். விழா முடிந்ததும் உழவர் திடலுக்குள் ஓடி, சிந்திய விதைகளைப் பொறுக்குவர். அவற்றைத் தம் விதைநெல்லொடு கலந்து விதைப்பின் விளைவு பெருகும் என நம்புவர்.

தமிழர் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது திரியம்பவாய் என்னும் சடங்கு. இப்பெயர் ‘திருவெம்பாவை’ என்பதன் திரிபாகும். மார்கழி, தை மாதங்களையொட்டிப் பாங்காக்கிலுள்ள அந்தணர் கோயிலில் இது நிகழும். அங்கு ஓதப்பெறும் பாடல்களிடையே தமிழ்த் திருப்பாடல்கள், காலத்தால் ஒலி திரிந்து விளங்குதலை அறிஞர் கண்டுள்ளனர். பொருள் மறைந்தும் ஒலி மறையவில்லை! கோயிலுக்கு அருகே, முதலாம் இராமன் என்னும் மன்னர் 1784-இல் அமைத்த பேரூஞ்சல் ஒன்று உண்டு. முற்காலத்தில் இளைஞர் அதில் நின்று வான் நோக்கி ஆடி, மூங்கிலிற் கட்டிய காசுமுடிப்பைப் பல்லாற் கவ்வுவர். சிலர் வீழ்ந்து உயிர் துறந்தனர். ஆதலின், 1930-களில் ஊஞ்சலாட்டம் நிறுத்தப்பெற்றது. தூண்கள் பழுதுற்றபோது ஆறு தேக்கு மரங்களைக் கொண்டு புதிய ஊஞ்சல் எழுப்பப்பெற்று, 2007-இல் நிறைவுற்றது. ஆட்டம் நின்றது, சடங்கு நிற்கவில்லை.

தாய்லாந்தினரின் பன்னிரண்டாம் மாதத்து முழுநிலவு நாளில் லோய் கிரத்தோங் என்னும் விழா வரும். அது பெரும்பாலும் நவம்பரில் அமையும். வாழைமரத் துண்டின்மேல் இலைகளை மடித்துத் தைத்து, மலரும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்து, அச்சிறு தெப்பத்தை ஆற்றில் மிதக்க விடுவர். ஆண்டு முழுவதும் நீரைப் பயன்படுத்தியும் மாசுபடுத்தியும் வாழ்ந்தமைக்காகக் கங்கைத் தாயிடம் நன்றி கூறி மன்னிப்பு வேண்டுதலே இதன் கருத்து.

இங்கே சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வாழைமரத் துண்டிற்கு மாறாக மக்காத செயற்கை நுரைப்பொருளாற் செய்த தெப்பங்கள் பெருகின. நீரிடம் மன்னிப்பு வேண்டுவோரே நீரைக் கெடுப்பது முறையாகுமா? இதனை உணர்ந்த மக்கள் பலர் மீண்டும் வாழையை நாடுகின்றனர். மாவினாற் சுட்ட தெப்பங்களையும் சிலர் விடுகின்றனர். ஆனால், அவையும் குளங்களில் மிகுதியாகச் சேருமாயின் அழுகி நீரைக் கெடுக்கும். சொங்கரான் காலத்திலும் சாலை விபத்துகள் மிகுகின்றன; அந்நாட்டு அரசு அவ்வேழு நாள்களை இடர்மிக்க நாள்கள் எனக் கூறி எச்சரிக்கின்றது. நல்ல கருத்து இருந்தால் மட்டும் போதாது. செயலும் அதற்கு இயைய வேண்டும்.

இவ்விழாக்களைக் காண உலகின் பல பகுதிகளினின்றும் மக்கள் வருகின்றனர். அங்ஙனம் வருவோர்க்கும் கடமை உண்டு. துறவியர்மீதும் முதியோர்மீதும் நீரை வீசுதல் தகாது. கோயிலுள் காலணியைக் களைதல் வேண்டும். பிறர் தலையைத் தொடுதல் அந்நாட்டில் மரியாதைக் குறைவாகக் கருதப்படும். விழாவின் பொருளை அறிந்து, அந்நாட்டார் போற்றுவதைத் தாமும் மதிப்பவரே நல்விருந்தினர் ஆவர்.

முதியோர் கையில் வார்க்கும் ஒரு கை நீரும், ஆற்றில் மிதக்கும் ஒரு சிறு விளக்கும் விலையாற் சிறியன. நன்றியறிதல் என்னும் பண்பைத் தலைமுறைதோறும் தாங்கி வருதலால், அவை பெருமையாற் பெரியன ஆகின்றன.