பெரணிச் சாறு பப்பாளியைக் காப்பாற்றுமா?

பப்பாளி பயிரிடும் அன்பர்களுக்கு ‘டைபேக்’ என்ற பெயரைக் கேட்டாலே நெஞ்சு பதறும். 2003இல் ஜொகூர், பத்து பகாட் வட்டாரத்தில் தென்பட்ட இந்நோய் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. மார்டி 1987இல் அறிமுகப்படுத்திய எக்சோத்திக்கா ரகத் தோட்டங்கள் பெரும் அழிவைச் சந்தித்தன. முதலில் இலைக்காம்பில் எண்ணெய் பட்டதுபோல் நீர்கோத்த புள்ளிகள் தோன்றும். பிறகு குருத்து அழுகிச் சாய்ந்துவிடும். எர்வினியா என்னும் பாக்டீரியாவின் வேலை இது. நோய் முற்றிய மரத்தை வெட்டி அகற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

தாமிரம் கலந்த மருந்துகளைத் தெளிக்கலாம். ஆனால் தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். அதற்குப் பழகிப்போன பாக்டீரியாக்களும் உண்டு. இதனால்தான் ஆய்வாளர்களின் பார்வை மூலிகைகள் பக்கம் திரும்பியது. அவற்றுள் ஒன்று பெரணி. மலாய்க்காரர்கள் ‘பாக்கு’ என்று சமைத்து உண்கிறார்களே, அந்த இனம்தான்.

நம் நாட்டு மேட்டுச் சரிவுகளில் இளந்தளிர் சிவந்து நிற்கும் பிளெக்னம் ஓரியெந்தாலே என்ற பெரணியைக் கட்டிக்கும் புண்ணுக்கும் அரைத்துப் பூசுவது பழைய வைத்தியம். மலேசிய ஆய்வாளர்கள் அதன் சாற்றைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மனிதருக்குத் தொல்லை தரும் சில பாக்டீரியாக்களை அது நன்றாகவே தடுத்தது. ஆனால் அவை அனைத்தும் ‘கிராம் பாசிட்டிவ்’ வகை. இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

பயிரைத் தாக்கும் எர்வினியா, தக்காளியை வாடவைக்கும் ரால்ஸ்தோனியா, நெல் இலையைக் கருக்கும் சாந்தோமோனாஸ் ஆகிய மூன்றும் ‘கிராம் நெகட்டிவ்’ வகை. இவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு மேலுறை இருக்கிறது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டதைப் போல. பல மூலிகைச் சாறுகள் அதைத் தாண்டி உள்ளே போவதில்லை. ஆகவே ‘பெரணி கிருமியைக் கொல்லும்’ என்று யாராவது போத்தலில் விற்றால், எந்தக் கிருமியை என்று கேளுங்கள்.

சாறு ஆய்வுக்கூடத் தட்டில் வேலை செய்தாலும், தோட்டத்தில் நிலைமை வேறு. நம் ஊர் மாலை மழை அதைக் கழுவிவிடும், வெயிலும் சிதைக்கும். பாக்டீரியா தண்டுக்குள் நீர்க்குழாயில் குடியேறிவிட்டாலோ, இலைமேல் தெளிப்பது அங்கே போய்ச் சேராது. நோய் வருமுன் விதையை, நாற்றை நனைத்துப் பார்ப்பதில்தான் இதற்கு வாய்ப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பரீட்சித்துப் பார்ப்பவர்கள் ஒரு வரிசையைத் தெளிக்காமல் விட்டுவைத்தால்தான் பலன் தெரியும்.

கண்ட பெரணியையும் பறித்துக் கொதிக்க வைக்கவும் கூடாது. பிராக்கன் என்னும் பெரணியில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நச்சுப்பொருள் உள்ளது; அது நீரிலும் கரையும்.

தக்காளி, கத்தரி திடீரென வாடினால், முதலில் அது பாக்டீரியாதானா என்று பாருங்கள். பூஞ்சையாகவும் இருக்கலாம். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் நுனி நனையும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போல வெள்ளை இழை இறங்கினால் அது ரால்ஸ்தோனியா. அச்செடியை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள். அதே பாத்தியில் அடுத்து மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் நடாதீர்கள்.