விழுந்தவரும் எழுப்பியவரும்

ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் என்பது 400 மீட்டர் தடத்தைப் பன்னிரண்டரை முறை சுற்றி வருவதாகும். உலகின் முன்னணி வீராங்கனையர் அத்தொலைவைப் பதினைந்து நிமிட அளவில் ஓடி முடிக்கின்றனர். ஒருவர் குதிகாலை மற்றொருவர் மிதித்துவிடும் நெருக்கத்தில் கூட்டமாக ஓடுவது இப்பந்தயத்தின் இயல்பு. முன்னால் செல்பவர் ஒரு கணம் வேகம் குறைத்தாலும் பின்னால் வருபவர் இடறுவார். ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக்கில் 2016 ஆகஸ்டு 16ஆம் நாள் காலையில் நிகழ்ந்ததும் அதுவே.

அன்று நடைபெற்றது மகளிர் 5,000 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று. இரண்டாம் பிரிவில் ஓடியவர்களுள் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளினும் அமெரிக்காவின் அபி டி அகஸ்டினோவும் இருந்தனர். ஏறத்தாழ 3,000 மீட்டர் கடந்த நிலையில் நிக்கி இடறித் தரையில் விழுந்தார். அவருக்கு நேர் பின்னால் வந்த அபி, விலக இடமின்றி அவர் மீது இடறித் தாமும் விழுந்தார். மற்றவர்கள் ஓடிச் சென்றுவிட்டனர்.

முதலில் எழுந்தவர் அபி. நான்காண்டுகள் காத்திருந்து பெற்ற வாய்ப்பு கண்முன்னே நழுவிக்கொண்டிருக்கையில் ஓடத் தொடங்குவதே எவரும் செய்யக்கூடியது. ஆனால் அவர் குனிந்து, தரையில் கிடந்த நிக்கியின் தோளில் கைவைத்து, எழுந்திரு, நாம் இதை முடித்தாக வேண்டும் என்று கூறினார். இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்பதை நிக்கி பின்னர்ச் செய்தியாளர்களிடம் தெரிவித்தார்.

இதுவரை நாளேடுகளில் பலரும் படித்திருக்கக் கூடும். நாங்கள் சொல்ல விரும்புவது அதற்குப் பின் நிகழ்ந்ததை.

எழுப்பப்பட்ட நிக்கி ஓடத் தொடங்கினார். எழுப்பிய அபியால் ஓட முடியவில்லை. சில அடிகளிலேயே அவரது வலக்கால் தளர்ந்தது. மீண்டும் தரையில் சரிந்தார். இப்போது நிக்கி நின்றார், அவரைத் தேற்றினார், எழ ஊக்கினார். அபியோ, நீ போ என்று சொல்லி அவரை முன்னே அனுப்பினார். எஞ்சியிருந்த ஏறத்தாழ 2,000 மீட்டரை இருவரும் தனித்தனியே ஓடி முடித்தனர். நிக்கியின் நேரம் 16 நிமிடம் 43.61 விநாடி. அபியின் நேரம் 17 நிமிடம் 10.02 விநாடி. எல்லைக் கோட்டைக் கடந்த நிக்கி அங்கேயே நின்று அபிக்காகக் காத்திருந்து தழுவிக்கொண்டார். அதன்பின் அபியைச் சக்கர நாற்காலியில்தான் அழைத்துச் செல்ல முடிந்தது.

பரிசோதனையில் வெளிப்பட்டது இது: வலது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் முற்றிலும் அறுந்திருந்தது; மூட்டின் உள்ளே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது; உட்பக்கத் தசைநாரும் காயமுற்றிருந்தது. மூவகைக் காயங்களையும் தாங்கிக்கொண்டிருந்தவரே விழுந்தவரைத் தூக்கியவர். குறைந்த காயமுற்றவர் தூக்கப்பட்டவர்.

எங்கள் வார்டுகளில் இதற்கு ஒப்பானதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். கட்டிலில் இருப்பவருக்கு வெப்பநிலை, இரத்த அழுத்தம், உணவு, மருந்து எல்லாம் ஏட்டில் குறிக்கப்படுகின்றன. கட்டிலுக்கு அருகே இரவெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு ஏடு ஏதுமில்லை. தமது சர்க்கரை நோய்க்கான மாத்திரையை வீட்டிலேயே விட்டு வந்தவர், முதுகு வலியைச் சொல்லாமல் மறைப்பவர், பிறர் மீதம் வைத்ததைக் கொண்டே ஒருவேளையைக் கழிப்பவர் ஆகியோரை நாங்கள் பெரும்பாலும் தற்செயலாகவே கண்டறிகிறோம். கேட்டால், எனக்கு ஒன்றுமில்லை, அவரைப் பாருங்கள் என்பதே மறுமொழி. உடனிருப்போர் தங்கள் நலனையும் செவிலியரிடம் தயங்காது சொல்லலாம். அதனால் நோயாளிக்குச் சேர வேண்டிய கவனம் சிறிதும் குறையாது.

நீ போ என்ற சொல்லும் இங்கே அடிக்கடி ஒலிப்பதே. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வா என்று நோயாளி சொல்வார். மனைவியோ மகனோ நகரமாட்டார்கள். நிக்கி சென்றார். அவர் சென்றதை எவரும் குறையாகக் கருதவில்லை. எல்லைக் கோட்டில் அவர் காத்திருந்ததையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

முழங்காலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். மக்கள் வழக்கில் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்லப்படும் காயங்களுள் முதன்மையானது இதுவே. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகப் பிணைக்கும் இரு நார்களுள் முன்னிருப்பது முன் சிலுவைத் தசைநார். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், திரும்பும்போது மூட்டு பிறழாமலும் காப்பது அதன் பணி. அது அறுந்தாலும் சிலர் அக்கணமே எழுந்து நிற்பர். அதிர்ச்சியின்போது உடலில் சுரக்கும் அட்ரினலின் வலியை மட்டுப்படுத்தும். தொடைத் தசைகள் மூட்டை ஓரளவு இறுகப் பிடித்திருக்கும். உடலைத் திருப்பும்போதோ பாதத்தை ஊன்றிச் சுழலும்போதோதான் கால் திடீரென மடங்கும். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கும். ஆகவே, விழுந்தவுடன் எழுந்து நடந்தேன், அதனால் ஒன்றுமிராது என்று கருதுவது சரியன்று. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தோரும் கபடி ஆடியோரும் இவ்வாறு எண்ணி வாரக்கணக்கில் காலம் தாழ்த்துவதுண்டு. எண்ணெய் தேய்த்து மூட்டை இழுத்துவிடுவது தீங்கையே பெருக்கும். காலுக்கு ஓய்வளித்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடமிட்டு, காலைச் சற்று உயர்த்தி வைத்து, காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுகுக.

கிழிந்த தசைநார் அனைத்திற்கும் அறுவை சிகிச்சை வேண்டுவதில்லை. ஓடியாடும் தொழிலும் விளையாட்டும் இல்லாதோர் பலர் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியாலேயே இயல்பு வாழ்வுக்குத் திரும்புகின்றனர். மூட்டு அடிக்கடி மடங்குவோர்க்கும் விளையாட்டு வீரர்களுக்கும் அவர்தம் உடலிலிருந்தே எடுத்த தசைநாண் கொண்டு புதிய நார் அமைக்கப்படுகிறது. அவ்வாறு அமைத்த நார் மூட்டுடன் இணைந்து வலுப்பெற மாதங்கள் பல ஆகும். வீக்கமும் வலியும் அதற்கு வெகு முன்னரே நீங்கிவிடுவதால், நலமாகிவிட்டது என்னும் மயக்கம் ஏற்படுவது இயல்பு. விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ காத்திருக்குமாறு மருத்துவர்கள் கூறுவது இதனால்தான்.

எனவே அபி அக்காலுடன் ஓடி முடித்ததை நாங்கள் வியக்கிறோம். ஆனால் அதனைப் பின்பற்றுமாறு எவருக்கும் சொல்ல மாட்டோம். தம் மூட்டுக்குள் என்ன நேர்ந்தது என்பது ஓடும்போது அவருக்குத் தெரியாது. எங்கள் நோயாளிகளுக்கோ அது தெரியும். எழுத்தில் கொடுத்தும் இருக்கிறோம். அறுவை சிகிச்சை முடிந்த இரவிலேயே, யாரையும் எழுப்ப வேண்டாமென்று தாமாகக் கழிப்பறைக்கு நடக்க முற்படும் மன உறுதியாளர்கள் ஒவ்வொரு வார்டிலும் உண்டு. தயைகூர்ந்து அழைப்பு மணியை அழுத்துங்கள். செவிலியரின் உறக்கத்தைக் கெடுக்கிறோம் என்ற கவலை வேண்டா. இரவுப் பணியில் அவர்கள் உறங்குவதில்லை.

தூக்கிவிடுவோர்க்கும் ஒரு சொல். அபியைப் போல இடுப்பை வளைத்துக் குனிந்து தூக்குவது முதுகுக்கு ஏற்றதன்று. கால்களைச் சற்று அகற்றி, முழங்கால்களை மடித்து, நோயாளியை உங்கள் உடலோடு அணைத்து எழுப்புங்கள். கையைப் பற்றியோ அக்குளில் கைகொடுத்தோ இழுக்காதீர். சக்கர நாற்காலியின் தடையைப் பூட்டிய பின்னரே அமர்த்துங்கள். எங்கள் இயன்முறை மருத்துவர்களிடம் கேட்டால் கட்டிலருகிலேயே செய்து காட்டுவர். ஐந்து நிமிடம் போதும்.

பெண்கள் இத்தொலைவை ஓடுவதற்கே நெடுங்காலம் இடமளிக்கப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். களைத்துத் தரையில் சாய்ந்தவர்களைக் காட்டி, பெண்ணுடல் இதனைத் தாங்காது என்று நாளேடுகள் எழுதின. மருத்துவர் சிலரும் அக்காலத்தில் அவ்வாறே கருதினர் என்பது எங்கள் துறைக்குப் பெருமை சேர்ப்பதன்று. 1960 வரை அந்த ஓட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பெண்களுக்கு 5,000 மீட்டர் வந்ததோ 1996இல்தான். ஓடி முடித்த ஆண்கள் தரையில் சாய்ந்தபோது எவரும் அவ்வாறு எழுதியதாகத் தெரியவில்லை.

ரியோவில், முறையீட்டின் பேரில் இருவரும் இறுதிப் போட்டிக்கு அனுமதிக்கப்பட்டனர். அபியால் அதில் ஓட இயலவில்லை. ஆகஸ்டு 19ஆம் நாள் நிக்கி மட்டும் ஓடினார். கென்யாவின் விவியன் செருயோட் 14 நிமிடம் 26.17 விநாடியில் ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். நிக்கி 16 நிமிடம் 14.24 விநாடியில் கடைசியாக வந்தார். நேர்மை விளையாட்டுக்கான விருது இருவருக்கும் வழங்கப்பட்டது.

அபி நாடு திரும்பி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பின்வந்த ஆண்டுகளில் வேறு காயங்களும் அவரைத் தொடர்ந்தன. 2021இல் அமெரிக்க அணிக்கான தேர்வுப் போட்டியின் முதற்சுற்றில், துணைக்கு எவருமின்றி நெடுந்தொலைவு தனியே முன்னால் ஓடி, 15 நிமிடம் 07.80 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக் தகுதிக்கு வேண்டியது 15 நிமிடம் 10 விநாடி. சில நாள்களில் நடந்த இறுதிச் சுற்றில் அவர் முதல் மூவருள் வரவில்லை. டோக்கியோவுக்குச் செல்லும் அணியில் இடம் கிடைக்கவில்லை. ரியோவில் விழுந்து அப்போது ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.