கடன்காரர்கள் காப்பாற்றிய வீடு

கடன்காரர்களால் கலைக்கு நன்மை விளைவது அபூர்வம். ஆம்ஸ்டர்டாம் நகரின் யோடன்பிரேஸ்ட்ராட் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்து, கடனில் இழந்த வீடு.

1639-இல் அதன் விலை 13,000 கில்டர். புகழின் உச்சியில் இருந்த ரெம்பிராண்ட் துணிந்து வாங்கிவிட்டார். உலகப் புகழ்பெற்ற 'இரவுக் காவல்' ஓவியத்தை 1642-இல் முடித்தது இங்கே குடியிருந்தபோதுதான். அதே ஆண்டு மனைவி சாஸ்கியா இறந்தார். வீட்டுக் கடனோ தீரவில்லை. 1656-இல் திவால்.

நீதிமன்ற எழுத்தர்கள் அறை அறையாகப் புகுந்து கணக்கெடுத்தார்கள். ஓவியங்கள், சிலைகள், சங்குகள், ஆயுதங்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் என்று பட்டியல் 363 இனங்களாக நீண்டது. எல்லாம் ஏலத்துக்குப் போயின. 1658-இல் வீடும் கைமாற, ரெம்பிராண்ட் வாடகை வீட்டுக்குப் போனார்.

பின்னால் வந்தவர்கள் மாடி எழுப்பினார்கள், அறைகளை மாற்றினார்கள். பாழடைந்து கிடந்த கட்டடத்தை 1906-இல் நகராட்சி வாங்கியது. 1911-இல் அது அருங்காட்சியகமானது. ஆனால் சீரமைத்த கட்டடக் கலைஞர் டி பாசல் பழைய அறைகளை மீண்டும் உருவாக்கவில்லை. உட்புறம் அவர் காலத்துப் பாணியிலேயே அமைந்தது.

ரெம்பிராண்ட் கால வீட்டை மீட்கும் முயற்சி 1990-களின் பிற்பகுதியில் தொடங்கியது. கைகொடுத்தது அந்த ஏலப் பட்டியல். எந்த அறையில் என்ன இருந்தது என்பதை அது காட்டிக்கொடுத்தது. அதற்கேற்ப 17-ஆம் நூற்றாண்டுப் பொருட்களைத் தேடிப் பிடித்து நிரப்பினார்கள். 1999-இல் அறைகள் திறக்கப்பட்டன.

கட்டிலும் நாற்காலியும் அந்தக் காலத்தவை; ஆனால் ரெம்பிராண்ட் பயன்படுத்தியவை அல்ல. அப்படியானால் இது அசலா, அரங்க அமைப்பா? கேள்வி நியாயமானது. ஆனால் ஓவியக்கூடத்தின் ஜன்னல்களில் இறங்கும் வடதிசை வெளிச்சத்துக்கு ஒப்பனை தேவைப்படவில்லை.

பட்டியலில் இந்தியர்களைக் கவரும் ஒரு வரியும் உண்டு: விசித்திரமான சிற்றோவியங்கள் கொண்ட ஒரு தொகுப்பு. அவை முகலாய ஓவியங்களாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். முகலாய ஓவியங்களைப் பார்த்து ரெம்பிராண்ட் வரைந்த 20-க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் உள்ளன. ஷாஜஹானும் அவற்றில் இருக்கிறார்.

கலைஞர் வீட்டைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும். அதற்கும் முன்னால், எது எங்கே இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது ரசிகர்கள் அல்ல, வசூலுக்கு வந்தவர்கள்.