வேடிக்கையும் விபரீதமும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மின்சாரம் வீட்டுக்கு ஒளிதரும் ஆற்றலாக அன்று, விருந்தினரை வியக்கவைக்கும் வேடிக்கையாகவே அறிமுகமாயிற்று. 1730இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே, சிறுவன் ஒருவனைக் கயிறுகளில் கிடைமட்டமாகத் தொங்கவிட்டார். தேய்த்து மின்னேற்றிய கண்ணாடிக் குழாயை அவன் பாதங்களருகே கொண்டுசென்றார். பித்தளைத் தகட்டுத் துணுக்குகள் அவன் முகத்தை நோக்கி எழுந்தன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்னும் உண்மை புலனாயிற்று.

சிறுவனுக்குத் தீங்கு நேரவில்லை. உராய்வால் தோன்றும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக இருப்பினும், மின்னூட்டம் மிகச் சிறிது. கண்ணிமைக்கும் முன் தீர்ந்துவிடும்.

மின்னூட்டத்தைச் சேமிக்கும் லெய்டன் சாடி வந்தபின் வேடிக்கை வினையாயிற்று. விருந்துக்குரிய வான்கோழியை மின்னதிர்ச்சியால் கொன்று சமைக்கலாம் என 1749இல் பெஞ்சமின் பிராங்க்ளின் நகைச்சுவையாக எழுதினார். மறு ஆண்டு டிசம்பரில், வான்கோழிக்கென வைத்திருந்த அதிர்ச்சி அவர் உடலிலேயே பாய்ந்தது. உயிர்பிழைத்த அவர், தம் கவனக்குறைவை எண்ணி வெட்கமுற்றதாக மடலில் குறிப்பிட்டார். 1753இல் ரஷ்யாவில் மின்னலை ஆராய்ந்த ரிச்மன் அவ்வாறு பிழைக்கவில்லை.

வீட்டு மின்சாரம்

வீட்டு இணைப்பின் 230 வோல்ட், உராய்வு மின்சாரம் போல் நொடியில் தீர்வதன்று, தொடர்ந்து பாய்வது. ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், ஓம் விதிப்படி 230 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் உடலில் பாயும். வீடுகளில் பொருத்தப்படும் மின்கசிவுத் தடுப்பான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. அதனினும் ஏழு மடங்கு மிகுந்த மின்னோட்டம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

"மின்சாரம் ஒரே ஒரு பாடம் நடத்தும் ஆசிரியர், மறுதேர்வு கிடையாது" என்பது போன்ற கசப்பு நகைச்சுவை பெரியவர்களுக்குப் புரியும். தவழும் குழந்தைக்குப் புரியாது. கிரேயின் ஆர்வமே அதன் விரல்களிலும் இருக்கிறது. துளையைக் கண்டால் கம்பியை நுழைத்துப் பார்க்கும்.

ஆகவே, குழந்தையின் அச்சத்தை நம்பாமல் அமைப்பையே பாதுகாப்பானதாக்க வேண்டும். மூன்று முனைப் பிளக்கில் நிலத்தொடுப்பு முனை மட்டும் நீளமாக இருப்பதைக் காணலாம். அது முதலில் இணைந்து, இறுதியில் பிரியும். மூடியுள்ள சாக்கெட்டுகளில் அம்முனை நுழைந்த பின்னரே மற்ற இரு துளைகளும் திறக்கும். மூடியற்ற சாக்கெட்டுகளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் நன்று. எவரேனும் மின்னதிர்ச்சிக்கு ஆளானால், அவரைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

பிராங்க்ளினுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.