புதுச்சேரியில் வண்டித் தொல்லை இல்லாமல் சைக்கிளில் சுற்ற முடியுமா?

மாலை 6 மணி ஆனால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தடுப்பு போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 மணி வரை மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால், இந்த நிம்மதி சுமார் ஒன்றரை கி.மீ. தூரத்துக்குத்தான்.

ஊருக்கு வெளியே?

செஞ்சி மலைப் பகுதியில் தொடங்கும் சங்கராபரணி ஆறு, வில்லியனூர், திருக்காஞ்சி பக்கமாக ஓடி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. கரையோரம் வயல், தென்னை என சைக்கிளுக்கு ஏற்ற இடம். சிக்கல் என்னன்னா, சுமார் 10 கி.மீ. தள்ளியுள்ள வில்லியனூருக்கு விழுப்புரம் சாலையில் பஸ், லாரிகளோடுதான் போகணும்.

பிரான்ஸில் எப்படி?

அங்கே லுவார் ஆற்றை ஒட்டி, திராட்சைத் தோட்டங்கள் வழியே சுமார் 900 கி.மீ. சைக்கிள் வழி இருக்கிறது. எல்லாமே புதுசா போட்ட பாதை இல்லை. ஆற்றங்கரைப் பாதைகளையும், வண்டிகள் அதிகம் வராத கிராமச் சாலைகளையும் இணைத்து, வழிகாட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இங்கே என்ன தேவை?

ஆற்றங்கரையும் கிராமச் சாலையும் நம்மகிட்டயே இருக்கு. நகரிலிருந்து அங்கே போய்ச் சேர பாதுகாப்பான பாதைதான் இல்லை. அது வரும் வரை, விடியும்போதே கிளம்பி, நெரிசலுக்கு முன் திரும்பிடுங்க. ஹெல்மெட், பின்பக்க சிவப்பு விளக்கு கட்டாயம்.